வீட்டுக்கு ஒரே ட்ரிப் சுவிட்சா, ஒவ்வொரு மின்சுற்றுக்கும் ஒன்றா?

மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதியில் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் வயரிங்கை முழுவதும் கழற்றிப் புதிதாக இழுக்க வேண்டி வந்தபோது, வீட்டில் அதிகம் பேசப்பட்டது மெயின் போர்டைப் பற்றித்தான். வயரில் பெரிய யோசனை இல்லை. இலங்கைத் தரத்துக்கான எஸ்எல்எஸ் முத்திரை உள்ளதாக வாங்க வேண்டும், பிளக் பொயின்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் இழுக்க வேண்டும், ஒவ்வொரு பொயின்டுக்கும் எர்த் வயர் போக வேண்டும். சதுர முனை கொண்ட 13 அம்பியர் பிளக்கே இப்போது நாட்டின் தரம் என்பதால் அதிலும் தெரிவு கிடையாது. உண்மையான தெரிவு, மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் துண்டித்துவிடும் ட்ரிப் சுவிட்சில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் காண்பது, மெயின் சுவிட்சுக்கு அடுத்தபடியாக 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றும், அதன் பிறகு வரிசையாக, மின்னோட்டம் அளவை மீறினால் துண்டிக்கும் பிரேக்கர்களும். மற்ற வழி, அந்த ஒற்றை ட்ரிப்பை விட்டுவிட்டு, ட்ரிப்பும் பிரேக்கரும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்சிபிஓவை ஒவ்வொரு மின்சுற்றுக்கும் தனித்தனியாகப் பூட்டுவது. நாங்கள் இரண்டாவதைப் பூட்டினோம். கையில் பணம் இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதையே.

எர்த் நன்றாக இருந்தால் போதாதா, ட்ரிப் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு. இங்கே மின் இணைப்பில் லைனும் நியூட்ரலும்தான் வீட்டுக்கு வருகின்றன. எர்த்தை வளவுக்குள் நாமே புதைத்துக்கொள்கிறோம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை மணலில் புதைத்த எர்த் கம்பியின் தடை 46 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் இரும்பு உடலில் லைன் பட்டால், 230 வோல்ட்டை 46 ஆல் வகுக்க, மண்ணுக்குள் போவது 5 அம்பியர். 20 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. தொடுகிறவரின் கைக்காக மோட்டார் கிட்டத்தட்ட முழு மின்னழுத்தத்துடன் காத்துக்கொண்டிருக்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப்போ அந்த 5 அம்பியரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கசிவிலேயே துண்டித்துவிடும். எர்த்தின் தடை ஆயிரம் ஓமைத் தாண்டினாலும் அது விழும். அதற்காக எர்த்தை ஏனோதானோ என்று விடலாகாது. தடை 200 ஓமைத் தாண்டினால் அந்த எர்த் நிலைத்து நிற்கும் என்று நம்ப முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்மணல் பொரிந்துவிடும். கம்பி ஈரமண்ணைத் தொடும் ஆழம் வரை இறங்க வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையின் களிமண்ணில் இந்தக் கவலை குறைவு.

ஆகவே ட்ரிப் கட்டாயம் வேண்டும். ஒற்றை ட்ரிப்பின் பெரிய சிறப்பு மலிவு. எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும், எந்த எலக்ட்ரீஷியனும் மாற்றித் தருவார். ஒருவரை மின்சாரம் தாக்கும் கணத்தில் அது செய்யும் வேலையும் ஆர்சிபிஓ செய்யும் வேலையும் ஒன்றே. வறண்ட மாதங்களில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது.

வேறுபாடு தெரிவது மாரியில். குளிரூட்டி, சலவை இயந்திரம், கணினி என்று ஒவ்வொன்றும் பழுதில்லாத நிலையிலேயே கொஞ்சம் கொஞ்சம் எர்த்துக்குக் கசிகிறது. ஒற்றை ட்ரிப்பின் வழியாக அத்தனையும் ஒன்றுசேரும். 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருந்தாலும், பாதியான 15 ஐத் தாண்டியதும் அது எப்போதும் விழலாம். தரவிதி அதற்கு இடம் கொடுக்கிறது. இதன்மேல் மழை வருகிறது. கிணற்றடியில் மோட்டாருக்குப் போகும் வயரின் இணைப்பைக் குனிந்து பாருங்கள். சுற்றிய கறுப்பு டேப்பின் விளிம்பு வெயிலில் காய்ந்து எழும்பியிருக்கும். உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்று படிந்த அந்த இடத்தில் மழை ஈரம் சேர்ந்தால் கசிவுக்கு வேறு எதுவும் தேவையில்லை. நடு இரவில் வீடு முழுவதும் இருண்டுவிடும்.

இருட்டில் டார்ச்சுடன் போய் எல்லாப் பிரேக்கரையும் இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தால் பழுதான வழி பிடிபடும் என்பார்கள். லைன் கசிந்தால் பிடிபடும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால் பிடிபடாது; சாதாரணப் பிரேக்கர் லைனை மட்டுமே துண்டிக்கிறது, நியூட்ரல்கள் எல்லாம் போர்டில் ஒரே பட்டையில் இணைந்தபடியே இருக்கும். மோட்டாரின் பிரேக்கர் இறங்கியிருக்க, ஃபேனைப் போட்டதும் ட்ரிப் விழும். பழுது ஃபேனில் என்றுதான் யாருக்கும் தோன்றும். நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடும் பொறுமை அடைமழையில் யாருக்கு வரும்?

அடுத்து நடப்பதுதான் என்னை ஒரு பக்கம் சாய வைத்தது. குளிரூட்டிக்குள் மீன் கெடுகிறது, குழந்தை வியர்வையில் அழுகிறது, எலக்ட்ரீஷியனை வரச் சொல்கிறார்கள். அவர் ட்ரிப்பின் வெளிப்பக்க வயர்கள் இரண்டையும் உள்வரும் பக்கத்துக்கு மாற்றிப் பூட்டிவிட்டு, “அண்ணன், இனி விழாது, நேரே கொடுத்துவிட்டேன்” என்று சொல்லிப் போகிறார். ட்ரிப் போர்டிலேயே இருக்கிறது, அதன் நெம்பும் மேலே நிற்கிறது. பார்க்கிறவருக்கு எல்லாம் சரி. உண்மையில் அந்த வீட்டில் கசிவுக்கு எதிரான பாதுகாப்பு எதுவும் மிச்சமில்லை. வயரிங் பார்க்க வீடு வீடாகப் போனபோது இந்த ஏற்பாட்டை ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கண்டேன். உங்கள் போர்டில் இப்படி இருக்கிறதா என்று மூடியைத் திறக்காமலே அறியலாம். விளக்கும் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும்போது ட்ரிப்பின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். நெம்பு டக்கென்று விழுந்த பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால், அன்றைக்கே தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் பொத்தான் ட்ரிப்பின் உள்பொறியை மட்டுமே சோதிக்கிறது. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பொத்தானுக்கு அது விழும். எர்த்தைக் கருவி வைத்துத் தனியாக அளக்க வேண்டும்.

ஆர்சிபிஓ உள்ள வீட்டில் இந்தக் கட்டாயமே எழுவதில்லை. கிணற்றடி நனைந்தால் மோட்டாரின் ஆர்சிபிஓ மட்டும் விழுகிறது. நியூட்ரல் கசிந்தாலும் அதே ஒன்றுதான் விழும். அந்த மின்சுற்றின் லைனும் நியூட்ரலும் அதன் வழியாக மட்டுமே போகின்றன. விளக்கு எரிகிறது, குளிரூட்டி ஓடுகிறது, மழை விடும் வரை வாளியால் தண்ணீர் அள்ளிக்கொள்ளலாம். எது பழுது என்று போர்டே சொல்லிவிடுகிறது. அவசரம் இல்லாத இடத்தில் பாதுகாப்பைக் கழற்றும் எண்ணம் யாருக்கும் வராது. விலையைவிட, பெயரைவிட, நான் பெரிதாக எடுத்துக்கொள்வது இதைத்தான்.

குறைகளும் உண்டு. ஒரு ட்ரிப்பும் ஆறு பிரேக்கரும் வாங்கும் பணத்துக்கு ஆறு ஆர்சிபிஓ வராது. செலவு சில மடங்கு கூடும். ஒன்று பழுதானால் அதே கம்பனியின் அதே வகை மட்டக்களப்பு நகரக் கடைகளில் அன்றைக்கே கிடைக்காமல் போகலாம். வேறு கம்பனியுடையது போர்டின் செப்புப் பட்டையோடு பொருந்தும் என்று சொல்ல முடியாது. முதலிலேயே ஒன்றிரண்டு உதிரியாக வாங்கி வைப்பது நல்லது. பழைய வயரிங்கில் இரண்டு மின்சுற்றுகள் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்திருந்தால் ஆர்சிபிஓ நிற்காது. முதலில் அதைப் பிரிக்க வேண்டும். பல ஆர்சிபிஓக்கள் உள்ளே மின்னணுச் சுற்றை வைத்து இயங்குபவை. வெளியே நியூட்ரல் அறுந்தால் சிலவகை வேலை செய்யாது; பொறிமுறையால் விழும் நல்ல ட்ரிப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. உப்புக் காற்றிலும் ஐப்பசி இடி மின்னலிலும் இவை எத்தனை வருடம் உழைக்கும் என்று உறுதி சொல்லும் அளவுக்கு எங்கள் வீட்டில் இன்னும் காலம் போகவில்லை. எதை வாங்கினாலும் ஏ வகையாக (Type A) வாங்குங்கள். இன்வேர்ட்டர் குளிரூட்டியும் புதிய சலவை இயந்திரமும் உள்ள வீட்டில், மலிவான ஏசி வகை (Type AC) ட்ரிப் சில கசிவுகளை உணராமல் போகலாம். லைன், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் இரட்டை முனை ஆர்சிபிஓ இன்னும் மேல்.

நடுவழியும் உண்டு. இரண்டு ட்ரிப் வைத்து, வீட்டுக்குள் இருப்பவற்றை ஒன்றிலும், மோட்டார், வெளிவிளக்கு, குளியலறை ஆகியவற்றை மற்றதிலும் கொடுக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி நியூட்ரல் பட்டை வேண்டும். கையில் பணம் குறைவென்றால் இது மோசமில்லை.

ஏற்கனவே ஒற்றை ட்ரிப் உள்ளவர்கள் முழுப் போர்டையும் மாற்றத் தேவையில்லை. மோட்டாருக்கு மட்டும் ஓர் ஆர்சிபிஓ பூட்டினாலே மாரித் தொல்லையில் பெரும்பகுதி தீரும். ஆனால் அதற்குரிய லைனையும் நியூட்ரலையும் ட்ரிப்புக்கு முன்னால், மெயின் சுவிட்சிலிருந்து நேராக எடுக்கச் சொல்லுங்கள். ட்ரிப்புக்குப் பின்னால் எடுத்தால், இரண்டும் 30 மில்லி அம்பியர் என்பதால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது. பழையபடி வீடே இருளும். போர்டின் பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோகப் பெட்டி என்றால், அதற்குள் லைன் உரசினால் துண்டிக்க, முன்னால் தாமதமாக விழும் 100 மில்லி அம்பியர் எஸ் வகை ட்ரிப் ஒன்றும் தேவைப்படும்.