தடையைத் தாழ்த்துவதா, பந்தயத்தையே நிறுத்துவதா?

கிண்டியிலும் ஊட்டியிலும் நாம் பார்த்துப் பழகிய ரேஸில் குதிரைகள் சமதளத்தில் ஓடும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் இன்னொரு வகை உண்டு: தடைதாண்டும் பந்தயம். முழு வேகத்தில் ஓடிவந்து, இடையில் வைத்திருக்கும் வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டிப் போகவேண்டும். தாண்டும்போது விழுந்து கால் முறிந்த குதிரையை, பெரும்பாலும் அந்த இடத்திலேயே கருணைக்கொலை செய்துவிடுவார்கள். ஏறக்குறைய ஐநூறு கிலோ உடம்பைச் சுமக்கும் மெல்லிய கால் எலும்பு நொறுங்கிவிட்டால், அதை ஒட்டவைத்து நிற்க வைப்பது மிகவும் அரிது.

விக்டோரியாவில் 1989 முதல் 2004 வரை நடந்த பந்தயங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். சமதளப் பந்தயத்தில் குதிரைகள் ஆயிரம் முறை களமிறங்கினால் 0.44 மரணம். தடைதாண்டும் பந்தயத்தில் அதே ஆயிரத்துக்கு 8.3. இந்த இடைவெளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பிரிகின்றன.

பிரிட்டன் எடுத்தது சீர்திருத்த வழி. அதற்கு முகமாக இருப்பது லிவர்பூல் அருகே எய்ன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல். ஏறத்தாழ 6.9 கிலோமீட்டர் தூரம், 30 தடைகள். 2011லும் 2012லும் தலா இரண்டு குதிரைகள் அங்கே இறந்தபின், தடைகளுக்குள் இருந்த மரச்சட்டங்களை எடுத்துவிட்டு வளைந்துகொடுக்கும் பொருளை வைத்தார்கள். 2013 முதல் 2018 வரை அந்தப் பந்தயத்தில் ஒரு குதிரையும் சாகவில்லை. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். 2019ல் முதல் தடையிலேயே ஒரு குதிரை இறந்தது. 2023ல் ஹில் சிக்ஸ்டீன் என்ற குதிரையும் அதே முதல் தடையில்தான் விழுந்து மாண்டது. அன்று போராட்டக்காரர்கள் மைதானத்துக்குள் புகுந்ததால் பந்தயமே தாமதமாகத் தொடங்கியிருந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. தடையை மென்மையாக்கினால் குதிரையும் ஜாக்கியும் அதற்குப் பயப்படுவது குறையும், வேகம் கூடும். நாற்பது குதிரைகள் இடம்பிடிக்க முட்டிமோதிக்கொண்டு முதல் தடையை நோக்கிப் பாய்ந்தால், தடை எவ்வளவு மென்மையாக இருந்து என்ன? 2024ல்தான் இதில் கைவைத்தார்கள். குதிரைகளின் எண்ணிக்கை 40லிருந்து 34 ஆனது. வேகம் பிடிக்க இடம் இல்லாதபடி, முதல் தடையைத் தொடக்கக் கோட்டுக்குச் சுமார் 55 மீட்டர் நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு ஜாக்கியைத் தவறவிட்ட குதிரைகள் சில உண்டு. தடையில் விழுந்த குதிரை ஒன்றுகூட இல்லை. என் பார்வையில், மற்ற எல்லா மாற்றங்களையும்விட இந்த இரண்டும்தான் உருப்படியானவை.

எனக்குப் பிடித்த இன்னொரு மாற்றம் நிறம் பற்றியது. தடைகளின் விளிம்பில் பல ஆண்டுகளாக ஆரஞ்சு நிறம்தான் பூசிவந்தார்கள். நம் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும். குதிரைக்கோ சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாது, ஆரஞ்சு புல்லோடு கலந்துபோய்விடும். எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு அதை வெள்ளையாக மாற்றினார்கள். தாண்டப்போகிறவருக்கு எது தெரியும் என்று கேட்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது, அது வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. 1991லேயே அந்நாட்டு செனட் குழு ஒன்று தடைதாண்டும் பந்தயத்தைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. நியூ சவுத் வேல்ஸ் 1997ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஈஸ்டர் சமயத்தில் ஓக்பேங்க் ஊரில் நடந்த புகழ்பெற்ற பந்தயம் 2021ஓடு முடிந்தது. ஓட வரும் குதிரைகள் குறைந்துவிட்டதால் நிர்வாகமே அட்டவணையிலிருந்து எடுத்தது, சட்டம் அப்புறம்தான் வந்தது. இப்போது மிச்சம் விக்டோரியா மட்டும். அங்கேயும் 2010 பருவத்தோடு நிறுத்துகிறோம் என்று 2009ல் அறிவித்து, சில மாதங்களில் பின்வாங்கினார்கள். வார்னம்பூலில் மே மாதம் நடக்கும் கிராண்ட் ஆன்யுவலில் 5,500 மீட்டருக்குள் 33 தடைகள். 2011ல் ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்ட ஒரு குதிரை வேலியைத் தாண்டிக் கூட்டத்துக்குள்ளேயே குதித்தது. பலர் காயமடைந்தார்கள்.

இரண்டு வழியையும் ஒரே தராசில் நிறுத்த முடியாததற்குக் காரணம் குதிரைகளே. அயர்லாந்திலும் பிரிட்டனிலும் தடைதாண்டவென்றே தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்குகிறார்கள்; நாளைக்கே பந்தயத்தை நிறுத்தினால் பிறந்து வளர்ந்து நிற்கும் ஆயிரக்கணக்கான குதிரைகளின் கதி என்ன என்பது நேர்மையான கேள்வி. ஆஸ்திரேலியாவில் தாண்டுபவை பெரும்பாலும் சமதள ஓட்டத்தில் வேகம் போதாமல் போனவை. இல்லாவிட்டால் இவை கசாப்புக்குத்தான் போகும் என்று அங்குள்ள பயிற்சியாளர்கள் வாதாடுவார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓடிச் சம்பாதித்துக் கொடுத்த குதிரையை வைத்துக் காப்பாற்றுவது உரிமையாளரின் கடமை. அதைச் செய்யாமல், ஆபத்தான இன்னொரு வேலை கொடுத்திருக்கிறோம் என்று சொல்வது காப்பாற்றியதாகாது.

ஆகவே விக்டோரியா நிறுத்தலாம், நிறுத்தவேண்டும் என்பது என் கருத்து. ஓய்வுபெறும் குதிரைகளுக்கு வீடு தேடும் பணத்தைப் பந்தய வருமானத்திலிருந்தே எடுக்கலாம். பிரிட்டனை உடனே நிறுத்தச் சொல்லி நான் கேட்கமாட்டேன். ஆனால் தடைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. 2025 கிராண்ட் நேஷனலில் செலிப்ர தாலென் என்ற 13 வயதுக் குதிரை கடைசிக் கட்டம்வரை முன்னணியில் ஓடியது. அது எந்தத் தடையிலும் விழவில்லை. ஓட்டத்தை முடிக்க முடியாமல் தளர்ந்து சரிந்து, சில நாளில் இறந்துபோனது. வயதுக்கு ஒரு வரம்பு, 6.9 கிலோமீட்டரில் கொஞ்சம் குறைப்பு: எய்ன்ட்ரீ அடுத்துக் கைவைக்கவேண்டியது இந்த இரண்டிலும்தான்.