ரிசீவர் வழியா, டிவி வழியா: ஹோம் தியேட்டர் இணைப்புகள் மூன்றின் ஒப்பீட்டு அலசல்

கருவிகளின் சிக்னலை வாங்கி, ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் படத்தை டிவிக்கும் அனுப்பும் ஹோம் தியேட்டர் ரிசீவரைப் புதிதாகப் பொருத்துகிறவர்களைத் திணறடிக்கும் தொல்லைகள் ஏறத்தாழ ஒரே வகையானவை. படம் தெரிகிறது, ஒலி இல்லை. ஒலி வருகிறது, ஆனால் முன்னாலிருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களில் மட்டும். உதட்டசைவும் பேச்சும் ஒட்டவில்லை. 4கே காட்சி வரவேண்டிய இடத்தில் கறுப்புத் திரை நிற்கிறது. ரிசீவர் பழுது என்ற முடிவுக்கு வருவதற்கு முன்னால், சிக்னல் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் இந்த ஒவ்வொரு தொல்லையும் குறிப்பிட்ட ஓர் இணைப்பு முறையோடு நெருங்கிய தொடர்புடையது.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. டிஸ்க் பிளேயர், கேம் கன்சோல், செட்-டாப் பாக்ஸ் ஆகிய எல்லாவற்றையும் ரிசீவரில் செருகி, அங்கிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிளை டிவிக்குக் கொண்டுபோவது முதல் வழி. எல்லாவற்றையும் டிவியில் செருகிவிட்டு, ஒலியை மட்டும் ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே டிவியின் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) அல்லது அதன் மேம்பட்ட வடிவமான இ-ஏஆர்சி மூலம் ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது இரண்டாவது. அதே திரும்பும் வேலையை, ஒளி மூலம் ஒலியைக் கொண்டுபோகும் ஆப்டிகல் கேபிளிடம் ஒப்படைப்பது மூன்றாவது.

முதல் வழியின் பெரிய பலம், ஒலி விஷயத்தில் டிவியின் தயவு தேவையில்லை என்பதுதான். பிளேயரிலிருந்து புறப்படும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற தரம் குறையாத சரவுண்ட் ஒலி வடிவங்கள் வேறு எந்தக் கருவியும் கைவைக்காமல் ரிசீவருக்கு வந்து சேர்கின்றன. இது சாதாரண விஷயமன்று. சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ் ஆதரவைக் கைவிட்டது. எல்ஜியும் 2020இல் கைவிட்டு, 2023இல்தான் சில மாடல்களில் திரும்பக் கொண்டுவந்தது. அத்தகைய டிவியில் பிளேயரைச் செருகினால், ரிசீவர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் டிடிஎஸ் ஒலி அதன் வாசலை எட்டாமலே போகக்கூடும்.

இந்த வழியில் வரும் தொல்லைகள் ஒலியைவிடப் படத்தில்தான் அதிகம். 4கே உள்ளடக்கத்தின் நகல் பாதுகாப்புக்குப் பெரும்பாலும் எச்டிசிபி 2.2 தேவைப்படுகிறது. நடுவில் இருக்கும் ரிசீவர் அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது என்றால், பிளேயர் 1080பி-க்கு இறங்கிவிடும் அல்லது திரை கறுத்துவிடும். ரிசீவர் புதியதாக இருந்தாலும், அதன் 4கே சிக்னல் செட்டிங் சாதாரண நிலையில் இருந்தால் நொடிக்கு 60 ஃபிரேம் கொண்ட எச்டிஆர் (ஒளி-இருள் வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும்) காட்சி வராது. டிவியிலும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக உயர்தர சிக்னலை அனுமதிக்கும் செட்டிங் இருக்கும். ஒரு பக்கம் மாற்றிவிட்டு மறுபக்கத்தை விட்டுவிட்டால் பயனில்லை. 2020இல் வெளிவந்த முதல் எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்கள் சிலவற்றில், சிப்பிலேயே இருந்த குறைபாட்டால் கேம் கன்சோலின் 4கே 120 ஹெர்ட்ஸ் காட்சி கறுப்பாக நின்றது. அதை எந்த செட்டிங்கும் சரிசெய்யவில்லை, தயாரிப்பாளர்கள் தனி அடாப்டரோ மாற்றுப் பலகையோ கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் கோளாறைத் தேடுகிறவருக்கு முதல் வழி அளிக்கும் வசதி மற்ற இரண்டிலும் கிடையாது. ரிமோட்டில் ரிசீவரின் செட்டப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ரிசீவரின் சொந்த மெனு டிவித் திரையில் தோன்றினால், ரிசீவரிலிருந்து டிவி வரையிலான இணைப்பு உயிரோடு இருக்கிறது, டிவியிலும் சரியான இன்புட்தான் தேர்வாகியிருக்கிறது என்று பொருள். இனித் தேட வேண்டியது பிளேயர் பக்கத்தில்தான். மெனுவும் தோன்றவில்லை என்றால், பிளேயரைத் தொடவே வேண்டாம். இதில் ஒரு நுணுக்கத்தை மறக்கக்கூடாது: மெனுவுக்குக் குறைந்த தரவு வேகமே போதும் என்பதால், மெனுவைக் காட்டும் கேபிள் 4கே எச்டிஆர் காட்சியைத் தாங்காமல் போகலாம். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுங்குவதும், படம் விட்டுவிட்டு ஓரிரு நொடி கறுப்பதும் கேபிளைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளங்கள். எச்டிஎம்ஐ 2.0-க்கு 18 ஜிகாபிட், 2.1-க்கு 48 ஜிகாபிட் வேகம் வரை தேவைப்படும் என்பதால், கேபிள் மீதுள்ள சான்றிதழ் லேபிளைப் பார்த்து வாங்குவது நல்லது.

இரண்டாவது வழியின் கவர்ச்சி அதன் எளிமை. படத்துக்கும் ரிசீவருக்கும் தொடர்பே இல்லாததால் எச்டிசிபி தொல்லையோ 120 ஹெர்ட்ஸ் தொல்லையோ எழுவதில்லை. ரிசீவரை அணைத்துவிட்டு டிவியின் ஸ்பீக்கரிலேயே செய்தி கேட்கலாம். ஆனால் வெளியே தெரியும் இந்த எளிமை உள்ளே இல்லை என்பது என் கருத்து. எச்டிஎம்ஐ 1.4-உடன் 2009இல் வந்த ஏஆர்சி, சிஇசி எனப்படும் கட்டுப்பாட்டு இணைப்பை நம்பியே இயங்குகிறது. அதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் சூட்டியிருப்பதால், சாம்சங் டிவியில் எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜியில் சிம்ப்லிங்க் என்றும், சோனியில் ப்ராவியா சிங்க் என்றும் தேட வேண்டும். டிவியில் ஏஆர்சி என்று குறிக்கப்பட்ட ஒரே போர்ட்டில், ரிசீவரில் அதே குறியுள்ள அவுட்புட்டிலிருந்து கேபிள் வந்திருக்க வேண்டும். டிவியின் ஒலி வெளியீடு ரிசீவருக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும். டிஜிட்டல் ஒலி வடிவம் பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்பதிலிருந்து ஆட்டோ அல்லது பாஸ்-த்ரூ (வந்த ஒலியை மாற்றாமல் அனுப்புவது) என்பதற்கு மாற வேண்டும். ரிசீவரிலும் ஏஆர்சி இயக்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் ஒலி வராது, அல்லது ஸ்டீரியோவாகச் சுருங்கி வரும்.

இந்தச் சுருக்கம்தான் என்னை மிகவும் வருத்துகிற குறை. ஏஆர்சி-யில் பல சேனல் பிசிஎம் செல்லாது; கன்சோல் ஐந்து அல்லது ஏழு சேனல் பிசிஎம் அனுப்பினால், சில டிவிகள் அதை டால்பியாக மாற்றி அனுப்பும், மற்றவை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இரண்டு சேனலாக்கிவிடும். ரிசீவரோ வந்த இரண்டு சேனலை விரித்து எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒலிக்கச் செய்வதால், சரவுண்ட் கிடைத்துவிட்டதாகவே வீட்டிலுள்ளவர்கள் மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருக்கக்கூடும். எனவே காதை மட்டும் நம்பாமல், ரிசீவரின் முன்பக்கத் திரையிலோ தகவல் பக்கத்திலோ உள்ளே வரும் சிக்னலின் பெயர் என்னவென்று படித்துப் பார்க்க வேண்டும். வெளியேறும் ஒலி முறையை அன்று, உள்ளே வரும் சிக்னலைப் பார்க்க வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் காட்டப்படுவதால் குழம்பிவிடுவது எளிது.

எச்டிஎம்ஐ 2.1-உடன் 2017இல் அறிவிக்கப்பட்ட இ-ஏஆர்சி இந்தக் குறையை ஏறக்குறைய முழுவதுமாகத் தீர்த்துவிட்டது. நொடிக்கு 37 மெகாபிட் வரை செல்லும் என்பதால் எட்டு சேனல் பிசிஎம், ட்ரூஎச்டி ஆகியவற்றுக்கும் இடமுண்டு; தன் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ள அது சிஇசி-யை நம்புவதும் இல்லை. இரு முனைகளிலும் இ-ஏஆர்சி இருந்து, இரண்டிலும் இயக்கப்பட்டிருந்தால்தான் இந்தப் பயன். ஒன்றில் இல்லையென்றாலும் பழைய ஏஆர்சி-க்குத் தானாக இறங்கிவிடும்.

மூன்றாவதான ஆப்டிகல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1983இல் தோஷிபா அறிமுகப்படுத்திய அந்த இணைப்பு, ஸ்டீரியோ பிசிஎம் அல்லது சுருக்கப்பட்ட 5.1 ஒலியைக் கொண்டுவரும். டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் வராததால், ஸ்ட்ரீமிங் செயலிகளின் அட்மாஸும் (மேலிருந்தும் ஒலிக்கும் டால்பியின் சரவுண்ட் வடிவம்) வராது. மேற்கூரையில் ஸ்பீக்கர் பொருத்தியவர் இதை நிரந்தர வழியாக வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. ஒளி மூலம் இயங்குவதால் இரைச்சலை ஏற்படுத்தும் மின்தொடர்பு இல்லை என்பது ஒரு நன்மை. சோதனைக் கருவியாக இதன் மதிப்பு இன்னும் அதிகம்: ஏஆர்சி-யில் மௌனமாக இருக்கும் ரிசீவர் ஆப்டிகலில் ஒலித்தால், ஸ்பீக்கர் வயர்களையும் ஆம்ப்ளிஃபயரையும் சந்தேகிப்பதை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றையும் வைத்துப் பார்த்தால், ரிசீவர் 4கே-யைக் கையாளக்கூடியது என்றால் முதல் வழியே என் தேர்வு. டிவியின் சொந்தச் செயலிகளின் ஒலி அதே கேபிளில் இ-ஏஆர்சி வழியாகத் திரும்பி வரும் என்பதால் இரண்டாவது கேபிளும் வேண்டாம். ரிசீவர் 18 ஜிகாபிட்டோடு நின்று, கன்சோல் 120 ஹெர்ட்ஸ் தருமானால், கன்சோலை மட்டும் டிவியில் செருகலாம். ஆனால் நான்கில் இரண்டு போர்ட்கள் மட்டுமே அதிவேகமாக இருக்கும் சில டிவிகளில், அவற்றில் ஒன்றே இ-ஏஆர்சி போர்ட்டாகவும் இருக்கும். இரண்டு கன்சோல் வைத்திருப்பவர் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உதட்டசைவு ஒட்டாத தொல்லையில் முதல் இரு வழிகளும் நேர் எதிராக நடந்துகொள்ளக்கூடும். முதல் வழியில் டிவி படத்தைப் பதப்படுத்த நேரம் எடுத்துக்கொள்வதால் ஒலி முந்திவிடும். ரிசீவரின் ஆடியோ டிலேயைச் சில மில்லிநொடிகள் கூட்டினால் சரியாகிவிடும். இரண்டாவது வழியில் டிவிக்குள் சுற்றிவரும் ஒலி பிந்தி வந்தால், ரிசீவரால் அதை மேலும் தாமதப்படுத்த முடியுமே தவிர முன்னே இழுக்க முடியாது. அப்போது ரிசீவரின் டிலேயைப் பூச்சியமாக்கிவிட்டு, டிவியின் ஒலி வெளியீட்டில் உள்ள தாமதத்தையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, ஒலி வடிவத்தைப் பாஸ்-த்ரூவில் வைக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் அந்த ஒரு கருவியை மட்டும் டிவியிலிருந்து கழற்றி ரிசீவரின் இன்புட்டில் செருகிவிட வேண்டியதுதான்.