ஹட்டனில் வாங்கிய மோட்டார் சைக்கிளும் அதன் பத்திரங்களும்

இலங்கையின் ஹட்டனிலுள்ள பழைய மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையம் ஒன்றில் நான் வாங்கிய வண்டியின் இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை. கொட்டகலை ஏற்றங்களில் அது தயக்கமின்றி ஏறுகிறது, விலையும் நியாயமானதே. குறையெல்லாம் பத்திரங்களில்தான்.

உரிமை மாற்றத்தை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நிலையத்தாரோ, முந்தைய உரிமையாளர் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டிருந்த படிவத்தை, அதாவது எல்லோரும் சொல்லும் 'ஓப்பன் பேப்பரை', "பிறகு நிரப்பிக்கொள்ளலாம்" என்று கூறிக் கையில் திணித்தார்கள். ஏ7 வீதியில் தலவாக்கலைக்கு அருகே பொலிஸார் மறித்தபோது, சாரதி அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் வண்டியின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் சரியாக இருந்தும், பதிவுச் சான்றிதழில் முன்பின் அறியாத ஒருவரின் பெயர் இருந்ததால், வண்டி என்னுடையது என்பதை நிரூபிக்க இயலாமல் தூறலில் ஒரு மணிநேரம் நின்றேன். அதிகாரி மரியாதையாகவே பேசினார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை.



மூன்று முறை நடையாய் நடந்த பின்னரே நிலையத்தார் பழைய உரிமையாளரை அழைத்து வந்து கைமாற்றத்தை முடித்துத் தந்தார்கள். அங்கே வாங்க நினைப்பவர்கள், வண்டிச் சட்டகத்தில் பொறித்திருக்கும் செஸி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டு, படிவத்தில் தம் பெயர் எழுதப்பட்ட பிறகே பணத்தைக் கொடுக்கவும்.