பார்டர்லைன் சுகரா? நடையா, மெட்ஃபார்மினா?

பாலிகிளினிக்ல "பார்டர்லைன்"னு, அதாவது சுகர் நோய் இன்னும் வரல ஆனா எல்லையில நிக்குதுன்னு, சொல்லிட்டாங்கன்னா வீட்டுல உடனே ரெண்டு கட்சி ஆயிடும், மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை போடுன்னு ஒரு பக்கம், நடந்தா போதும்னு இன்னொரு பக்கம். ரெண்டையும் நேருக்கு நேர் வச்சு பார்த்த ஆராய்ச்சி சென்னையிலயே நடந்திருக்குங்க, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006ல வெளியிட்டது, நம்ம உடம்புவாகு உள்ளவங்கள வச்சு பண்ணதால எனக்கு இதுதான் முக்கியம்.

531 பேர், ஏறக்குறைய மூணு வருஷம். வழக்கமான அட்வைஸ் மட்டும் கேட்டவங்கள்ல 55% பேருக்கு சுகர் வந்துடுச்சு. நடை, சாப்பாடு ரெண்டையும் மாத்தினவங்கள்ல 39.3%, மெட்ஃபார்மின் எடுத்தவங்கள்ல 40.5%. ரெண்டையும் சேர்த்து செஞ்சவங்களுக்கும் 39.5% தான், கூடுதல் பலன் இல்ல!

அமெரிக்காவுல 2002ல வந்த பெரிய ஆய்வுல நடை, சாப்பாடு மாத்தினது சுகர் வர்ற ஆபத்த 58% குறைச்சுது, மாத்திரை 31%. ஆனா கர்ப்பத்துல சுகர் வந்திருந்த பெண்களுக்கு அங்கயும் ரெண்டும் கிட்டத்தட்ட சமம்தான், இத யாரும் சொல்றதில்ல.

வேலை செய்யற விதம் வேற. மெட்ஃபார்மின் கல்லீரல் சர்க்கரைய வெளிய விடறத குறைக்கும், நடந்தா தசையே சர்க்கரைய இழுத்துக்கும், இன்சுலின் கொஞ்சமா இருந்தாலும் நல்லா வேலை செய்யும். மாத்திரையில சிலருக்கு வயிறு கலங்கும், ரொம்ப நாள் எடுத்தா பி12 குறையலாம்.

என் ஓட்டு நடைக்குதான். பிளாக்க விட்டு இறங்கினா பார்க் கனெக்டர் (பூங்காக்கள இணைக்கிற நடைபாதை) இருக்கு, ராத்திரி ஒன்பது மணிக்கும் பயமில்லாம நடக்கலாம், சாப்பாட்டையும் மாத்திக்கிட்டா தினம் அரை மணி நேரம் போதும். மூட்டுவலியால நடக்கவே முடியாதவங்க டாக்டர்கிட்ட மாத்திரைய பத்தி தயங்காம கேளுங்க.