ஆன்லைன் தம்போலா ஆட ஆரம்பிக்கும் முன் இதைப் படியுங்கள்: என் 23,000 ரூபாய் போய்விட்டது

இருபத்து மூன்றாயிரம் ரூபாய். மகளின் இரண்டாவது டெர்ம் பீஸுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பணம். ஒரு மாதம் முன்பு வரை என் கணக்கில் இருந்தது. இன்று இல்லை. ஆத்திரம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று நினைத்தேன். அடங்குகிற மாதிரி தெரியவில்லை. அதற்குள் இன்னொருவர் பணம் கட்டிவிடக் கூடாது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

தம்போலா எனக்குப் புதிது இல்லை. கோவையில் எங்கள் அபார்ட்மெண்டில் பொங்கல், புத்தாண்டு என்றால் மொட்டை மாடியில் ஜமக்காளம் விரித்து ஆடுவோம். பத்து ரூபாய் டிக்கெட், பைக்குள் கையை விட்டு எண் எடுப்பது, வந்த எண்ணை டிக்கெட்டில் அடிப்பது, முதல் ஐந்து எண் அடித்தால் ஜல்தி ஃபைவ், அப்புறம் மூன்று வரிசை, கடைசியில் எல்லா எண்ணும் அடித்தால் ஃபுல் ஹவுஸ். ஹவுசி, பிங்கோ என்று வேறு பெயர்களிலும் சொல்வார்கள். ஆட்டம் தெரியும் என்ற தைரியம்தான் என்னை இதில் இழுத்துவிட்டது.

ஒரு மாதம் முன்பு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. செயலிக் கடையில் கிடைக்காத செயலி, லிங்க் வழியாகத்தான் இறக்க வேண்டும். பெயரைச் சொல்லப் போவதில்லை. இது போல நூறு இருக்கிறது, ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும். தினமும் இரவு 8 மணிக்கு ஆட்டம், டிக்கெட் 50 ரூபாய். சேர்ந்த அன்றே ஒரு பெண் போன் செய்தார். குழுவை நடத்துபவராம்.

"ஏனுங்க்கா, சாப்டாச்சுங்களா? புதுசா ஆடறீங்களா? நான் கூடவே இருந்து சொல்லித் தர்றேனுங்க்கா, பயப்படாதீங்க."

அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு, எங்கள் ஊர் மரியாதை. பக்கத்து வீட்டுப் பெண் பேசுவது போல இருந்தது. என் மகள் எந்த வகுப்பு என்று கேட்டார். அவருக்கும் ஒரு பெண் குழந்தை என்றார். அடுத்த நாள் ஞாபகம் வைத்துக்கொண்டு, "பாப்பாவுக்குக் காய்ச்சல் பரவால்லீங்களா?" என்று விசாரித்தார். நான் ஏமாந்தது ஆட்டத்தில் இல்லை, இந்த இடத்தில்தான்.

முதல் வாரம் நடு வரிசை அடித்து 640 ரூபாய் ஜெயித்தேன். கேட்ட பத்தே நிமிடத்தில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது. தூண்டில் புழு அதுதான். அந்த 640-ஐயும் டிக்கெட்டிலேயே போட்டேன். அது போக மூன்று வாரத்தில் கையில் இருந்து 4,200 ரூபாய் போனது.

போன வெள்ளிக்கிழமை ஃபுல் ஹவுஸ் அடித்தது. பரிசு 46,000 ரூபாய் என்று திரையில் பட்டாசு வெடித்தது. 41-வது எண்ணிலேயே முடிந்துவிட்டது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். 90 எண்களில் என் டிக்கெட்டின் 15 எண்ணும் 41 முறைக்குள் வருவது எங்காவது நடக்குமா? எங்கள் மொட்டை மாடியில் அறுபது டிக்கெட் விற்றாலும் ஃபுல் ஹவுஸ் எழுபதை ஒட்டித்தான் வரும்.

எடுக்கப் போனால், பரிசுக்கு 30 சதவீதம் டிடிஎஸ் வரி கட்ட வேண்டும் என்றது திரை. 13,800 ரூபாய். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "கவர்மெண்ட் ரூல்ஸுங்க்கா, நாங்க என்ன பண்றது? கட்டினவுடனே 46,000 மொத்தமா வந்துரும்" என்றார். 30 சதவீதம் வரி உண்டு என்று செய்தியில் படித்த ஞாபகம் எனக்கும் இருந்தது. அதனால் நம்பினேன். இரவு 9:20-க்கு 13,800 அனுப்பினேன்.

பணம் வரவில்லை. கணக்கைச் சரிபார்க்க 5,000 டெபாசிட், திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அதையும் கட்டினேன். சனிக்கிழமை காலை ஜிஎஸ்டி என்று சொல்லி இன்னும் 9,200 கேட்டார்கள். அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. கட்டவில்லை. ஆனால் அதற்குள் 4,200, 13,800, 5,000 மூன்றும் சேர்த்து 23,000 போய்விட்டது.

அதன் பிறகு நான் பட்ட பாடு. சனி மதியம், "பேங்க் சர்வர் டவுனுங்க்கா." மாலை, "மேனேஜர் சார் லீவு." ஞாயிறு, "உங்க ரிக்வெஸ்ட் ப்ராசஸ்ல இருக்கு." ஒரே வாக்கியம் ஏழு முறை வந்தது, எழுத்து மாறாமல். திங்கள் அன்று நான் சத்தம் போட்டதும் அந்தப் பெண்ணின் குரலே மாறியது. "தமிழ்நாட்டுல ஆன்லைன்ல காசு வெச்சு ஆடறது தப்பு, தெரியும்ல? போலீஸ்க்குப் போனா உங்க மேலதான் கேஸ் வரும்." அக்கா போய்விட்டது, மரியாதை போய்விட்டது. அன்று மாலை என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

அந்த மிரட்டலுக்குப் பயந்து இன்னும் ஒரு நாளை வீணடித்தேன். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்ற வெட்கம் வேறு. செவ்வாய்க்கிழமை, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் என் சித்தி மகனிடம் அழுதுகொண்டே சொன்னேன். "அக்கா, டிடிஎஸ்னா பிடித்தம். ஜெயிச்ச பணத்துல அவங்கதான் பிடிச்சுட்டு மிச்சத்தைத் தரணும். 2023 ஏப்ரல்ல இருந்து சட்டமே அப்படித்தான். உங்களைக் கட்டச் சொல்றதுக்குப் பேர் வரி இல்ல, திருட்டு" என்றான். அப்புறம் நான் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை வாங்கிப் பார்த்தான். பணம் வாங்கிய பெயர்கள் மூன்றும் மூன்று தனி ஆட்கள். ஒரு நிறுவனம் கூட இல்லை.

டிக்கெட்டின் படத்தை நான் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். தம்போலா டிக்கெட்டில் மேலிருந்து கீழாக ஒன்பது நெடுவரிசை. முதல் நெடுவரிசையில் 1 முதல் 9 வரை, இரண்டாவதில் பத்துகள், மூன்றாவதில் இருபதுகள், கடைசியில் 80 முதல் 90 வரை. என் டிக்கெட்டில் 40 என்ற எண் முப்பதுகளின் நெடுவரிசையில் உட்கார்ந்திருந்தது. பத்து வயதில் இருந்து ஆடுகிறேன், பரிசு என்றதும் அது கண்ணில் படவே இல்லை.

சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அடித்தோம். பேசியவர் பொறுமையாகக் கேட்டார், ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் இருக்கும் 12 இலக்க எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். பணம் போனவுடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும், இப்போது வேறு கணக்குக்குக் கைமாறிவிட்டது என்றார். நான்கு நாள். அந்த நான்கு நாளும் "ப்ராசஸ்ல இருக்கு" என்பதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இவ்வளவுதான்: பணம் வைத்து ஆன்லைனில் ஆடாதீர்கள். இதைத் தடுக்க 2023-ல் அமலுக்கு வந்த நம் மாநிலச் சட்டம், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் என்று இரண்டும் இருக்கின்றன, அதனால் அந்தச் செயலிகளில் நமக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஜெயித்த பணத்தை எடுக்கப் பணம் கேட்டால் ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் அந்த நிமிடமே 1930. மிரட்டினாலும் கூப்பிடுங்கள். செயலியை அழிக்கும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஆட ஆசை என்றால் மொட்டை மாடி இருக்கிறது.

மீதியை நாளை எழுதுகிறேன். எதிர் வீட்டு அக்காவுக்கு அந்த லிங்கை அனுப்பியதே நான்தான். இன்றைக்கும் 8 மணி ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருப்பார். மணி 7:40 ஆகிறது, போய்ச் சொல்ல வேண்டும்.