மூன்று மிதி பெடல்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பார்க்கிறேன். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடிக்கும் வேலை. பதினோரு வருடமாக கீபோர்டின் மேல்வரிசை எஃப் கீகளைத் தட்டித்தான் ஆடியோவை நிறுத்தி ஓட்டினேன். மார்ச்சில் இந்த யூஎஸ்பி பெடலை 5,800 ரூபாய்க்கு வாங்கினேன். நடு மிதி ஓட்ட, இடது பின்னால் போக, வலது முன்னால் போக. காலை எடுத்தால் நிற்கும். மறுபடி மிதித்தால் கொஞ்சம் பின்னால் போய் அங்கிருந்து பேசும். சாஃப்ட்வேரில் அதை இரண்டு விநாடியாக வைத்துக்கொண்டேன். எனக்கு உயிரே அந்த இரண்டு விநாடிதான்.

போன வாரம் ராத்திரி ஒன்றரை மணி. ஐப்பசி மழை தகரத்தில் கொட்டுகிறது. ஈரப் படியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்த ஒருவருக்கு மணிக்கட்டு முறிவு. டாக்டர் மூச்சு விடாமல் பேசுகிறார். கட்டுப் போட்ட இடத்தில் "ஷுகர் டங்" என்று காதில் விழுந்தது. சர்க்கரை நாக்கு என்று ஒரு கட்டு கிடையாது. வேகத்தைக் குறைத்து, விரலைக் கீபோர்டிலிருந்து எடுக்காமல், அந்த இடத்தையே மிதித்து மிதித்துக் கேட்டேன். "டாங்". சர்க்கரைக் கட்டியை எடுக்கும் இடுக்கி. உள்ளங்கையில் தொடங்கி முழங்கையைச் சுற்றிப் புறங்கைக்கு வரும் கட்டு, பார்க்க அந்த இடுக்கி மாதிரியே இருக்கும். புதிதாக வரும் பிள்ளைகள் இதை நாக்கு என்றே அடித்துவிடுகிறார்கள்.

அதே ஃபைலில் எலும்பு சாய்ந்த திசையையும் டாக்டர் விழுங்கிவிட்டார். டார்சலா (புறங்கைப் பக்கம்), வோலாரா (உள்ளங்கைப் பக்கம்)? நாலு வரி தள்ளி "டின்னர் ஃபோர்க்" என்கிறார். முள்கரண்டி மாதிரி மணிக்கட்டு வளைந்து நிற்பது காலிஸ் முறிவின் அடையாளம், ஆபிரகாம் காலிஸ் 1814-இல் விவரித்தது. அதில் உடைந்த துண்டு புறங்கைப் பக்கம் போகும். உள்ளங்கைப் பக்கம் போனால் அது ஸ்மித் முறிவு. இதை மனதில் வைத்து மறுபடி மிதித்தேன். "டார்" மட்டும் கேட்டது. போதும்.

சாய்வு எத்தனை டிகிரி என்பதுதான் கடைசிவரை பிடிபடவில்லை. ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? சரியாக அந்த இடத்தில் யாரோ கதவைச் சாத்துகிறார்கள். பதினான்கு தடவை கேட்டேன். ஊகித்து எழுத மனம் வரவில்லை, அது ஒருவருடைய கை. எண் வரும் இடத்தில் கோடு போட்டு, ஆடியோவில் அது வரும் நேரத்தைக் குறித்துத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் 15 என்று வந்தது.

குறை இல்லாமல் இல்லை. வயர் குட்டை. அடியில் ரப்பர் இருந்தும் எங்கள் சிவப்பு சிமெண்ட் தரையில் நழுவுகிறது, கீழே சாக்கு விரித்திருக்கிறேன். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கம்பளி சாக்ஸோடு மிதித்தால் எது நடு மிதி, எது இடது என்று காலுக்குத் தெரியாது. வலது காலுக்கு மட்டும் நான் மெல்லிய சாக்ஸ் போடுகிறேன். நான்கு நட்சத்திரம் தருகிறேன்.

பெடலுக்குச் செலவழித்துவிட்டு ஹெட்போனில் மிச்சம் பிடிக்காதீர்கள். காதை முழுதாக மூடும் வயர் ஹெட்போன் இல்லாவிட்டால், எங்கள் ஊர் மழையில் டங்கும் டாங்கும் ஒன்றாகத்தான் கேட்கும்.