முளைப்பயறு டப்பாவால் 17,800 ரூபாய் போச்சு: புதுச்சேரிக்காரர்கள் கவனிக்கவும்

17,800 ரூபாய். மாதச் சந்தா 3,600, மருத்துவமனைக்கு 14,200. நேற்றுதான் அத்தையை டிஸ்சார்ஜ் செய்து கூட்டி வந்தோம். ஆத்திரம் அடங்கவில்லை, அதான் எழுதுகிறேன்.

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வருபவர்களை மேசை போட்டு மடக்கும், வீட்டுக்கே சாலட் டப்பா அனுப்பும் ஆப் ஒன்று. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமாம், போடவில்லை. மேசையில் இருந்த பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சர்க்கரைக்கு முளைப்பயறு மாதிரி எதுவும் இல்ல. ஆர்.ஓ. தண்ணியில மூணு தடவை கழுவினது. திறந்து அப்படியே சாப்பிடுங்க" என்றாள். பெரிய மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டைக்கூடப் பிரித்துப் பார்த்துதான் வாங்குவார் அத்தை. அவரே, "கட்டிடும்மா" என்றார். ஒரு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி காய்ச்சல், வயிற்றுப்போக்கு. வீட்டில் டப்பாவைத் தொட்டது அவர் மட்டும்தான். மலப் பரிசோதனையில் சால்மோனெல்லா என்ற கிருமி என்று வந்தது.

ஆப்காரர்களுக்குப் போன் செய்தால் முதலில் ஒரே கரிசனம். "மீதி டப்பா இருக்காக்கா? லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் தரோம்" என்று ஒரு பையனை அனுப்பினார்கள். ஃப்ரிட்ஜில் இருந்ததை எடுத்துக் கொடுத்தோம். ரிப்போர்ட் வரவே இல்லை. இப்போது, "எங்க டப்பாதான்னு என்ன ஆதாரம்?" என்கிறார்கள். ஆதாரத்தை அள்ளிக்கொண்டு போனவன் கேட்கிற கேள்வி!

"சாப்பிட்டு ரெண்டு நாள் கழிச்சுதானே வந்துச்சு, வேற எதுவோ" என்றும் ஒரு சமாதானம். டாக்டரிடம் கேட்டேன். சால்மோனெல்லா 6 மணி நேரத்திலும் வரலாம், 6 நாள் கழித்தும் வரலாம் என்றார். "வாடையே இல்லையே" என்பது அடுத்தது. இந்தக் கிருமி இருந்தால் வாடை வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விதையிலேயே ஒட்டியிருந்தால் மூன்று தடவை என்ன, முப்பது தடவை கழுவினாலும் முழுசாகப் போகாது. முளைகட்டத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும்தான் அந்தக் கிருமி பெருகவும் வேண்டும். 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தில் வந்த ஈ.கோலை கிருமியால் 50 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இங்கே "கழுவக்கூட வேணாம்" என்று விற்கிறார்கள்.

3,600ஐயாவது திருப்பிக் கேட்டால் "சந்தா ரீஃபண்ட் கிடையாது" என்று மெசேஜ். இப்போது போனே எடுப்பதில்லை.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. மீதி டப்பாவை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அதை என்ன செய்வது என்று உணவுப் பாதுகாப்புத் துறையில் கேளுங்கள். டப்பாவில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள், எங்கள் டப்பாவில் இல்லை. வயதானவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்குப் பச்சையாக வேண்டவே வேண்டாம், நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். மாதப் பணம் முன்னாடியே கட்டாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் பதிந்துவிட்டேன். 17,800இல் ஒரு பைசா இன்னும் வரவில்லை.